ஒஸ்ரின் காரின் பின்பாதி

இது நடந்தது. எனக்கு நடந்தது. கதை கட்டுகிற வேலை எனக்குத் தெரியாது. தெல்லிப்பழையில் கல்யாண வீடு, செத்த வீடு எல்லாவற்றுக்கும் கதிரையும் பந்தலும் கிடாரமும் வாடகைக்கு விடுகிறவன் நான். பெயர் சுபாஸ்கரன். நம்பாதவர்கள் நம்பவேண்டாம், எனக்கு ஒரு நட்டமும் இல்லை. "வெய்யிலுக்குத் தலை கிறுதிச்சிருக்கும்" என்று என் முகத்துக்கு நேரே சொன்ன நாலைந்து பேருக்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

ஆம், வெய்யில்தான். பேய் என்றால் நடுச்சாமம், நாய் ஊளை, பனங்காடு என்று எதிர்பார்ப்பீர்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில். றோட்டில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாத உச்சி வெய்யிலில். அதனால்தான் இப்போது எனக்கு இரவில் பயமே இல்லை. பதினொன்றரை மணி வெய்யில் முற்றத்தில் விழுந்தால்தான் எழும்பிக் கதவைச் சாத்துகிறேன்.

நானும் நிரோஜாவும் ஏறாத கோயில் இல்லை என்று ஏறிப் பெற்ற ஒரே பிள்ளை ஆரபி. அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளை சயந்தன், பண்டத்தரிப்பு. பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறான். அவளே விரும்பின பெடியன். அதிகம் கதைக்கமாட்டான், ஆனால் என்னைக் கண்டால் "மாமா" என்று எழும்பி நிற்பான். பழைய கார் என்றால் அவனுக்கு உயிர். வெளிநாட்டில் இருந்து வந்து ஊரில் கல்யாணம் செய்கிற சனமும் இப்போதெல்லாம் பழைய கார்தான் கேட்கிறது. சரி, ஒன்றை வாங்குவோம், முதல் ஓட்டம் என் பிள்ளையின் கல்யாணமாக இருக்கட்டும், பிறகு தொழிலுக்கும் ஆயிற்று என்று நினைத்தேன்.

புத்தூர்ப் பக்கம் அருட்செல்வன் என்றொருவன் பழைய கார் வாங்கி விற்கிறான். அவனிடம் ஒரு ஒஸ்ரின் நின்றது. ஏ நாற்பது. நாலு கதவு, உருண்டையான முகம், பால் வெள்ளை நிறம். பார்த்தவுடன் பிடித்துவிட்டது.

"அண்ணை, உது ஒறிஜினல். ஒரு ஆணி மாத்தேல்லை. பின்சீற்றைத் தடவிப் பாருங்கோ. இங்கிலாந்திலை தைச்ச தோல். கைபடாத சாமான்."

எனக்குப் பழைய காரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. தெரிந்த ஆள் போல ரயரை ரெண்டு தரம் உதைத்தேன். பொனற்றைத் திறந்து "ம்ம்" என்றேன். அந்த "ம்ம்"முக்கு அவன் உள்ளே எவ்வளவு சிரித்திருப்பான்! அறுவான்.

அடுத்த நாள் காலை எங்கள் ஒழுங்கைப் பிள்ளையார் கோயிலில் காருக்குப் பூசை. ஐயர் ஸ்ரியறிங்கில் நூல் கட்டி, சந்தனம் பூசி, நாலு ரயருக்கும் கீழே நாலு தேசிக்காய் வைத்தார். அருட்செல்வனும் வந்திருந்தான். நான் காரை மெல்ல முன்னுக்கு எடுத்தேன்.

சதக். சதக்.

முன் ரயர் ரெண்டும் நசித்தன. பின்னுக்குச் சத்தம் வரவில்லை. கார் தேசிக்காயைத் தாண்டி நன்றாக முன்னுக்கு வந்துவிட்டது. இறங்கிப் பார்த்தேன். பின்னால் வைத்த ரெண்டு தேசிக்காயும் வைத்த இடத்திலேயே முழுசாகக் கிடந்தன. மண்ணில் ரயர் அடையாளம் அவற்றுக்கு மேலாகவே போயிருந்தது.

"உருண்டு போயிருக்கும்" என்றார் ஐயர். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அருட்செல்வன் வந்து செருப்புக் காலால் ரெண்டையும் மிதித்தான். "இப்ப சரி தானே? காரை எடுங்கோ அண்ணை, நேரம் போகுது" என்றான். நிரோஜாவுக்கு முகம் கறுத்துவிட்டது. கல்யாணத்துக்குக் கிட்ட வந்துவிட்டோம், பிள்ளையின் காதில் விழக்கூடாது என்று அவள் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

பிறகு சின்னச் சின்னதாய் வந்தது. ஒன்றையும் பேய் என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது.

கல்யாணச் சாப்பாட்டுக்கு நிரோஜா மோர்மிளகாய் போட்டிருந்தாள். கார் வெய்யிலில் சும்மாதானே நிற்கிறது என்று ஒரு சுளகை முன்னால் பொனற்றில் வைத்தாள், ஒன்றைப் பின்னால் டிக்கியில் வைத்தாள். முன்சுளகு மிளகாய் ரெண்டு நாளில் கலகலவென்று காய்ந்தது. பின்சுளகு காயவில்லை. நாலாம் நாள் பார்த்தால் பச்சைப் பூஞ்சணம். அதே வெய்யில், அதே மிளகாய். டிக்கியில் கை வைத்தேன். உச்சி நேரத்தில், கிணற்றுக் கட்டின் உள்பக்கம் போலக் குளிர்ந்தது. பொனற்றில் கை வைத்தேன். சுட்டது.

"என்ன கண்டறியாத காரப்பா இது" என்றாள் நிரோஜா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் காரில் ஒன்றும் காயப்போடவில்லை.

பின்சீற்றில் ரெண்டு இடம் பள்ளம் விழுந்திருந்தது. ஆட்கள் நெடுநேரம் இருந்து எழும்பினது போல. தும்பு வைத்து நிரப்பிப் பார்த்தேன். விடிய மறுபடி பள்ளம். பின்கதவு உள்கைபிடி ரெண்டும் சும்மா சுழலும், கதவு திறவாது. வெளியில் இருந்து மட்டும் திறக்கலாம். திருத்தினேன். சரிவந்தது. அடுத்த நாள் மறுபடி சுழன்றது.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்மனைக் கதிரையில் கிடந்தேன். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை.

டொக்... டொக்...

கொட்டிலுக்குள் நின்ற காரில் இருந்து வந்தது. விரலை மடக்கிக் கண்ணாடியில் தட்டுகிற சத்தம். அவசரம் இல்லை. ஆரோ தட்டித் தட்டிக் களைத்துப்போய், இனித் திறக்கமாட்டார்கள் என்று தெரிந்தும் தட்டுவது போல. போய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பின்கண்ணாடி மட்டும் உள்பக்கமாக வேர்த்து, தண்ணீர் ஒரு கோடாக வழிந்துகொண்டிருந்தது.

நான் எளிதில் பயப்படுகிறவன் இல்லை. கோபப்படுகிறவன். எங்கோ ஒழுகுகிறது, ஒழுகல் காரை என் தலையில் கட்டிவிட்டான் என்று ஆத்திரத்தில் பின்பக்கக் கம்பளத்தை இழுத்துக் கிழித்தேன். அப்போதுதான் கண்டேன்.

முன்சீற்றுக்குப் பின்னால், காரின் தரைக்குக் குறுக்கே, இந்தக் கரையில் இருந்து அந்தக் கரைவரை ஒரு வெல்டிங் தழும்பு. மேலே பட்டி பூசி மறைத்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். தழும்பு கதவுத் தூண் வழியாக மேலே ஏறிக் கூரைக்கும் போனது. முன்பக்கத் தகரம் ஒரு தடிப்பு, பின்பக்கத் தகரம் வேறு தடிப்பு. உள்ளே பழைய நிறமும் வேறு. முன்னுக்குச் சாம்பல், பின்னுக்குக் கடும்பச்சை.

ஒரு கார் இல்லை. ரெண்டு கார். ரெண்டையும் வெட்டி ஒட்டியிருக்கிறான்.

அன்று பின்னேரமே புத்தூருக்குப் போனேன். தொண்டை கிழியக் கத்தினேன். அருட்செல்வன் தேத்தண்ணி குடித்துக்கொண்டே கேட்டான்.

"கத்தாதேங்கோ அண்ணை. சண்டைக் காலத்திலை ஒரு சாமானும் வராது. கிடைச்சதைக் கிடைச்சதோடை ஒட்டித்தான் சனம் ஓடினது. யாழ்ப்பாணத்திலை ஒறிஜினல் எண்டு இனி என்ன கிடக்கு? ஆனா சீற் ஒறிஜினல். அதிலை பொய் இல்லை."

"பின்பாதி எங்கத்தையது?"

அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அதை ஏன் இப்ப? பிள்ளையின்ரை கலியாணத்தைப் பாருங்கோ."

காரைத் திருப்பி எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டான். வீட்டுக்கு வந்து ஆரபியிடம் சொன்னேன், இந்தக் கார் கல்யாணத்துக்கு வேண்டாம், வான் பிடிக்கிறேன் என்று. அவள் முகம் சின்னதாகிவிட்டது. "சயந்தன் ஆசைப்பட்டவர் அப்பா. ஓட வேண்டாம். பக்கத்திலை நிண்டு ஒரு படம். அவ்வளவுதான்" என்றாள். நின்று எடுப்பதில் என்ன வந்துவிடும்? ஓம் என்றேன்.

கல்யாணம் ஒரு புதன்கிழமை. தாலி கட்டு நல்லபடி முடிந்தது. கூறைச் சீலையில் என் பிள்ளை அம்மன் மாதிரி நின்றாள், எனக்கு அழுகை வந்துவிட்டது. புதன் பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் தொடங்கும். அதற்கு முன் பொம்பிளையும் மாப்பிள்ளையும் கால்மாறிப் புறப்பட வேண்டும். புதுப்பெண் முதல்முதலாக மாப்பிள்ளை வீட்டில் கால் வைக்கப் போவதைத்தான் எங்கள் பக்கம் கால்மாறிப் போவது என்போம். வான் பூக்கட்டித் தயாராக நின்றது. ஒஸ்ரின் படத்துக்காக மண்டப வாசலில் நின்றது. நான் கதிரை அடுக்குகிற பெடியளோடு சத்தம் போட்டுக்கொண்டு நின்றேன்.

அந்தப் படம் எடுக்கிறவன்... அவனைச் சொல்லி என்ன. "அக்கா, அண்ணை, ஏறி இருங்கோ. கண்ணாடிக்குள்ளாலை ஒண்டு எடுப்பம். வடிவாய் வரும்" என்றிருக்கிறான்.

நான் திரும்பிப் பார்த்தபோது ரெண்டு பேரும் பின்சீற்றில் இருந்தார்கள். கதவு சாத்தியாயிற்று.

ஓடினேன். கைபிடியை இழுத்தேன். வெளியாலும் திறக்கவில்லை. மற்றப் பக்கம் போனேன். அதுவும் இல்லை. நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள். கண்ணாடி இறக்குகிற பிடியும் உள்ளே சுழன்றது. யாரோ "பழங்கார் பகிடி விடுகுது" என்று சிரித்தார்கள்.

"முன்சீற்றுக்கு மேலாலை ஏறி வாங்கோ பிள்ளை" என்றேன்.

நிரோஜா என் கையைப் பிடித்தாள். "சபைக்கு முன்னாலை கூறைச் சீலையோடை சீற்றாலை ஏறிப் பாயிறதோ? விசர்க் கதை கதைக்காதேங்கோ."

மாப்பிள்ளையின் தகப்பன் கதிரவேலு கைமணிக்கூட்டைப் பார்த்தார். மணி 11.48.

"ஏறினவை இனி இறங்கக்கூடாது சம்மந்தி. கால்மாறப் புறப்பட்டிட்டு இறங்கினால் பிள்ளையளுக்குக் கூடாது. ராகுகாலமும் வருகுது. அப்பிடியே எடுங்கோ. அங்கை போய்க் கதவைக் கழட்டுவம்."

ஐயரும் ஓம் என்று தலையாட்டினார். ஆட்டாத தலை என்னுடையது மட்டும்தான். உள்ளே சயந்தன் கண்ணாடிக்குக் கிட்ட வந்து சிரித்தான்.

"பரவாயில்லை மாமா. இஞ்சை நல்லாய்த்தான் இருக்கு. குளிராய் இருக்கு."

வேறு ஒருவரையும் ஓடவிட எனக்கு மனம் வரவில்லை. நானே ஏறினேன். பக்கத்து முன்சீற்றில் பலகாரத் தட்டங்களை அடுக்கினார்கள். ஆராத்தி எடுக்கிற பெண்களோடு பூக்கட்டின வான் முன்னால் போய்விட்டது. கதிரவேலுவும் நிரோஜாவும் மற்ற வானில் எனக்குப் பின்னால் வந்தார்கள். நான் ரயில் கடவையைத் தாண்டியதும் படலை விழுந்தது. பின்வான் அந்தப் பக்கம் நின்றுவிட்டது.

நிற்கலாமா என்று யோசித்தேன். வழியில் நிற்பது கூடாத சகுனம் என்று நிற்கவில்லை.

அளவெட்டிக்கு அங்காலே தோட்டவெளி. ரெண்டு பக்கமும் செம்மண். வெங்காயம் கிண்டியெடுத்த வெறுந்தறை. ஒரு மனிதர் இல்லை. வெய்யில் கண்ணைக் குத்தியது. எனக்கு முதுகில் மட்டும் குளிர் அடித்தது.

பின்னுக்கு ரெண்டு பேரும் கதைத்துக்கொண்டு வந்தார்கள். ஆரபி ஏதோ சொன்னாள். சயந்தன் சிரித்தான்.

பிறகு சிரிப்பு நின்றது.

"அப்பா... கால் நனையுது."

"என்ன பிள்ளை?"

பதில் இல்லை.

கார் கனத்தது. நான் மிதிக்கிறேன், அது போகவில்லை. முன்பாதி போகப் பார்த்தது. பின்பாதி வரமாட்டேன் என்றது. கீழே இரும்பு முனகியது... அந்தத் தழும்பில் இருந்து.

கண்ணாடியில் பார்த்தேன்.

ஆரபியின் தலையில் இருந்த மல்லிகைச் சரம் மேலே எழும்பியிருந்தது. விழவில்லை. எழும்பியிருந்தது. பூக்கள் ஒவ்வொன்றாகக் கழன்று கூரையைப் பார்த்து மெல்ல மிதந்து போயின. அவளது காதோரத் தலைமுடி அசைந்து அசைந்து மேலே போனது. வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

காரில் ஒரு துளி தண்ணீர் இல்லை.

பிறேக் அடித்தேன். திரும்பிக் கையை நீட்டினேன். சீற்றைத் தாண்டியவுடன் கை மரத்துப்போனது. ஏதோ என் கையை மெல்ல வெளியே தள்ளியது. கிணற்றில் பிளாஸ்ரிக் வாளியைக் கவிழ்த்து அமத்தினால் தள்ளுமே, அப்படி.

டொக்... டொக்... டொக்...

என் கதவு ஒரு தள்ளில் திறந்தது. இறங்கினேன். வெளியே வெய்யில். காகம் ஒன்று எங்கோ கத்தியது.

பின்கதவுக் கண்ணாடி முழுக்க வெள்ளையாக வேர்த்துவிட்டது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. தட்டுகிற கைகளின் நிழல் மட்டும்.

எத்தனை கை என்று நான் எண்ணவில்லை.

வரம்பில் கிடந்த கல்லைத் தூக்கினேன். அடித்தேன். உடையவில்லை. "முருகா" என்று கத்திக்கொண்டு அடித்தேன். உடைந்தது.

தண்ணீர் வரவில்லை. குளிர் வந்தது. பாசி மணத்தது.

ஒரு கை வெளியே வந்தது. பெண்ணின் கை. வளையல் போட்ட கை.

பிடித்தேன். என் பிள்ளையைப் பிடித்துவிட்டேன்!

இழுத்தேன். வரவில்லை. இன்னும் இழுத்தேன்...

அப்போது இன்னொரு கை வந்தது. என் சட்டையைப் பிடித்தது. ஐஸ் போன்ற கை. ஊறி வெளிறின கை. தோல் சுருங்கின கை.

அதுதான். உள்ளே தட்டினது அதுதான்!

உதறினேன்.

மறுபடி பிடித்தது. விடமாட்டேன் என்று பிடித்தது.

முழங்கையால் அடித்து உதறினேன். அது விட்டது.

வளையல் கை வந்தது. தோள் வந்தது. பாரம் முழுக்க என் நெஞ்சில் விழுந்தது. மல்லாந்து செம்மண்ணில் விழுந்தேன். ஈரத் தலைமுடி என் வாய்க்குள் போனது. கட்டிப்பிடித்தேன். "பயப்படாதை பிள்ளை... பயப்படாதை... அப்பா இருக்கிறன்..."

பாரம் எழும்பியது. என் தலைமாட்டைத் தாண்டி ஈரக்கால் நடக்கிற சத்தம் கேட்டது.

பிறகு ஒரு நொடி ஒன்றும் தெரியவில்லை.

கண் விழித்தபோது ஆரபி பொனற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உயிரோடு நின்றாள். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் அப்போது விளங்கிக்கொள்ளவில்லை. பயத்தில் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

பின்வான் வந்தது. கதிரவேலு ஓடிவந்து பின்கதவைப் பிடித்தார். கதவு லேசாகத் திறந்தது, ஒரு சத்தமும் இல்லாமல். சயந்தன் சீற்றுக்கும் உடைந்த கண்ணாடிக்கும் இடையில் சரிந்திருந்தான். வேட்டி, சால்வை எல்லாம் காய்ந்திருந்தன. கண் திறந்திருந்தது.

கதிரவேலு மகனை மடியில் போட்டுக்கொண்டு அந்தச் செம்மண்ணில் இருந்தார். "நான்தானே... நான்தானே எடுங்கோ எண்டனான்..." அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். கழுத்தில் மாலையோடு போன பிள்ளையை ஆசுப்பத்திரி வண்டிலில் கிடத்தினோம்.

டொக்டர் வெளியே வந்து என்னிடம் கேட்டார். "எந்தக் கிணத்திலை விழுந்தவர்?"

"விழேல்லை டொக்டர். காருக்குள்ளை..."

அவர் என்னை ஏறஇறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நெஞ்சு நிறையத் தண்ணீர் என்று பிறகு சொன்னார்கள். எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. என் உள்ளங்கையில் குத்தியிருந்த கண்ணாடித் துண்டுகளைத் தாதி ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். கார்க் கண்ணாடி வெள்ளை. அதற்குள் பச்சைத் துண்டுகளும் இருந்தன. மெல்லிய, வளைந்த துண்டுகள். "உங்கடை மகள் காப்பு உடைச்சிட்டா போல" என்றாள். ஆரபி அன்று போட்டிருந்தது முழுக்கத் தங்கம்.

சுடலையால் வந்த மறுநாள் புத்தூருக்குப் போனேன். கத்துவதற்கு எனக்குத் தொண்டை இருக்கவில்லை. அருட்செல்வன் என்னைக் கண்டதும் தானாகவே சொல்லத் தொடங்கினான்.

வடக்கே சீமெந்துக்குக் கல் அகழ்ந்த பெரும் பள்ளங்கள் உண்டு, எங்கள் பக்கத்தவர்களுக்குத் தெரியும். இப்போது தண்ணீர் நிறைந்து கிடக்கும். சனம் இடம்பெயர்ந்து ஓடின ஒரு நாள், விளக்குப் போடாமல் ஓடின கார் ஒன்று அதற்குள் போய்விட்டது. முன்சீற்றில் இருந்தவர்கள் நீந்தி வந்துவிட்டார்கள். பின்சீற்றில் ஒரு தாயும் மகளும். பின்கதவு திறக்கவில்லை. காரின் பின்பக்கம் கல்லில் மாட்டித் தண்ணீருக்கு மேலே கொஞ்சம் தெரிந்துகொண்டு நின்றதாம். உள்ளுக்குக் கொஞ்சம் காற்று நின்றிருக்கிறது. கரையில் நின்றவர்களுக்குத் தட்டுகிற சத்தம் கேட்டிருக்கிறது. செல் குண்டு விழுந்துகொண்டிருந்தது, ஒருவரும் இறங்கவில்லை. சத்தம் விடியும் வரைக்கும் கேட்டதாம்.

"ஆமிக்காரர் அந்த இடத்தை விட்டாப் பிறகு காரைத் தூக்கி இரும்புக்கு எடுத்தவங்கள். முன்பாதி நசிஞ்சு போச்சு. பின்பாதி நல்லாய் இருந்தது. அவை ரெண்டு பேரும்... சீற்றிலைதான் இருந்தவை. எடுத்து அங்கையே கிடங்கு வெட்டித் தாட்டிட்டு, நான் சீற்றைக் கழுவினனான்." கொஞ்சம் நிறுத்தினான். "நல்ல தோல் அண்ணை. எறிய மனம் வரேல்லை."

அவனை அடிக்கக் கை எழும்பவில்லை. எழும்பி வந்துவிட்டேன். கார் இப்போதும் அந்தத் தோட்டவெளிக் கரையில்தான் நிற்கிறது. இரும்புக்காரன்கூட எடுக்க வரவில்லை.

அந்த வெளியில் மத்தியான நேரம் ஒரு பெண் ஈரச் சீலையோடு நடந்து போவதைக் கண்டதாக ரெண்டு பேர் சொன்னார்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டுகிறவர்கள். அவர்களுக்கு என் கதை தெரியாது.

தெரிந்தவர்களோ வேறு கதை கதைத்தார்கள். தாலி ஏறி ஒரு நேரச் சோறு தின்னமுன் புருசனைத் தின்றவள் என்று என் பிள்ளையைச் சொன்னார்கள். அவள் ஒன்றுக்கும் வாய் திறக்கவில்லை. அழவும் இல்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்தால் தள்ளிவிடுவாள். என்னைக் கண்டால் மட்டும் எழும்பி மற்ற அறைக்குப் போவாள். என்ன செய்தாலும் உயிரோடு இருக்கிறாளே, நான் இழுத்து எடுத்த பிள்ளையல்லவா என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த ஒரு நினைப்பில்தான் நான் சோறு தின்றேன்.

சயந்தனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அன்று மத்தியானம். சனம் போய்விட்டது. ஆரபி என் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, அண்டைக்கு நீங்கள் ஆரை இழுத்தனீங்கள்?"

"என்ன கேள்வி பிள்ளை இது? உன்னைத்தான்."

"நான் மற்றப் பக்க முன்கதவாலை வந்தனான். சயந்தன்தான் என்னைத் தூக்கி முன்சீற்றுக்கு மேலாலை தள்ளி விட்டவர். தட்டங்களுக்கு மேலை விழுந்து, கதவைத் திறந்து, சுத்தி ஓடி வந்தனான்."

நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

"நீங்கள் யன்னலுக்குள்ளை ரெண்டு கையையும் விட்டு இழுத்துக்கொண்டு நிண்டீங்கள். அந்தக் கையிலை ஒண்டும் இருக்கேல்லை அப்பா. வெறுங்காத்து."

"அப்ப என்ரை சட்டையைப் பிடிச்சது..."



"அது சயந்தன்ரை கை. ரெண்டு தரம் பிடிச்சவர். ரெண்டு தரமும் நீங்கள் உதறி விட்டனீங்கள்."